பணிய லயம் எரிந்த அன்றைக்கு

வட்டவளைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பூரணி பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்று பெயர்.

எழுபத்தெட்டாம் வருஷம், மாசி மாத வெயிலில் பள்ளத்தில் வரிசை வீடுகளாக இருந்த பணிய லயம் பற்றிக்கொண்டது. எந்த அடுப்பின் பொறியோ, பரண்போன்ற அட்டலில் அடுக்கியிருந்த விறகில் பிடித்து, காற்றோடு வீட்டுக்கு வீடு தாவியது. மலையிலிருந்து ஓடிவந்த சனம் பீலியில் விழுந்த ஊற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி மதியத்துக்குள் அடக்கிவிட்டது.

பூரணி பிள்ளைகளை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கி வந்தபோது, ஆட்கள் சாமான் தேடி உள்ளே நுழையத் தொடங்கியிருந்தார்கள். நடுச்சுவர் வெடித்துச் சாய்ந்து நின்றது. அந்த லயத்து ராக்காயி, மகளுக்கென்று வைத்திருந்த தோட்டைத் தேடி அந்தச் சுவரின் அடியிலேயே குனிந்திருந்தாள்.

"ராக்கு, வெளிய வா!"

"ஒனக்கென்ன, ஒன் வீடா எரிஞ்சிச்சு?"

பூரணி பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். திமிறியவளின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். இருவரும் வாசல் சேற்றில் விழுந்தார்கள். எழுந்திருக்குமுன் சுவர் சரிந்தது.

அதற்குப் பிறகு பூரணி சொன்னதை யாரும் தட்டவில்லை. யாரும் உள்ளே போகாதபடி கூடைக் கயிறுகளை முடிந்து லயத்தைச் சுற்றிக் கட்டச் சொன்னாள். கடைக்கோடித் தொங்கல் காம்பராவில் தொடங்கி ஒவ்வொரு வீடாகப் பெயர் கூப்பிட்டாள். எல்லோரும் குரல் கொடுத்தார்கள்.

"எல்லாரும் இருக்காங்க. மாரியாத்தா காப்பாத்திட்டா" என்றாள். பெண்கள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள்.

தீயணைக்க வந்தவர்களில் ஒருவனான பொன்னையா லயத்தின் பின்பக்கம் புகைந்த விறகுக் குவியலைக் கிளறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். திடீரென்று கூப்பிட்டான். "அக்கா, இங்க வாங்க. இங்க ஒரு ஆளு."

கருகிச் செத்துக் கிடந்தவர் ஆண்டியப்பன் தாத்தா. பெண்டாட்டி பிள்ளைகள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, தன் குடியுரிமைப் பத்திரம் சரியில்லையென்று தனியாகத் தங்கிப்போனவர். வேலையும் நின்றுபோய், காம்பராவும் கைவிட்டுப்போய், அந்த விறகு மூலையில்தான் படுப்பார். காலையில் அவருக்குத் தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தவளே பூரணிதான். பெயர் கூப்பிடும்போது அவர் ஞாபகத்துக்கே வரவில்லை.

தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு றோலண்ட் ஐயா வந்து எட்டிப்பார்த்தார். "செக்ரோல்ல பேர் பதியாத ஆளு. தோட்டத்துக்கு எதுக்கு வம்பு? பொலிஸ் வர்றதுக்குள்ள றோட்டோரமாக் கொண்டுபோய் வைங்க. வெளியாள்னு சொல்லிருவோம்."

"தொடக்கூடாதுங்க ஐயா. பொலிஸ் வந்து பாக்கட்டும்" என்றாள் பூரணி.

"ஒனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

பூரணி உடலின் பக்கத்தில் ஈரச் சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொன்னையா மம்பட்டியோடு வந்து நின்றான். பிறகு வீங்கிய கன்னத்தோடு ராக்காயியும் வந்து அவளோடு உட்கார்ந்தாள். கண்டாக்கு முறைத்துவிட்டு நகர்ந்தார்.

பொழுது சாயப் பொலிஸ் ஜீப் வந்தது. யாருடைய ஆள் என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். கண்டாக்கு வாய் திறக்குமுன், "மே அபே சீயா, மாத்தயா" என்றாள் பூரணி. இவர் எங்கள் தாத்தா, ஐயா என்று. இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். ஆண்டியப்பன் தோட்டத்து மையவாடியிலேயே அடக்கமானார்.

அடுத்த மாதம் பூரணியைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து எடுத்து, செங்குத்தான மேல்மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். தேயிலை நிரையில் பக்கத்தில் நின்ற ராக்காயியிடம் அடிக்கடி கேட்பாள்:

"தாத்தாவ எப்பிடிடீ மறந்தேன்?"

"நாங்க மட்டும் நெனச்சமா? விடு அக்கா."

பூரணி தலையாட்டுவாள். மறுநாளும் அதையேதான் கேட்பாள்.