நீராவி அத்தை உப்பை விட்ட கதை

என் அத்தைக்குச் சலவைக்கூடத்தில் 'நீராவி' என்று பெயர். விடுதிகளிலிருந்து மூட்டையாய் வரும் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுத்துச் சுருக்கம் எடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அந்த அனலில் நிற்கிறாள். வாயைத் திறந்தாலும் ஆவிதான் வரும் என்பார் அப்பா, தன் தங்கைக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டு.

ஒருநாள் காலையில் அத்தையின் கால் செருப்புக்குள் நுழைய மறுத்தது. அவ்வளவு வீக்கம். சிறுநீரும் சோப்பு நுரைபோலப் போனதாம். நுரையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினாள்.

"சிறுநீரகம் சல்லடை மாதிரிம்மா. புரதத்தை உள்ளேயே நிறுத்தணும். உங்களுக்கு ஒழுகுது. உப்பு கூடினா ஒழுக்கும் கூடும், நான் தர்ற மாத்திரையும் சரியா வேலை செய்யாது. ஆறு வாரம் பாப்போம். குறையலேன்னா ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கணும், கடுமையான மருந்தும் வரும்" என்றார் அவர்.

"ஊசி வராது. நான் பாத்துக்கறேன்" என்றாள் அத்தை.

அன்றே உப்பு ஜாடி மாடிவீட்டுக்குப் போனது. உப்பையும் சர்க்கரையையும் இடம் மாற்றி வைத்தே பேர் வாங்கிய எனக்குத் தொழில் படுத்துவிட்டது.

அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு முகம் சுளித்தார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அப்ப குப்பைத்தொட்டிகிட்ட உக்காந்து சாப்பிடுண்ணா."

ஆறு வாரம் முடிந்தது. ஒரு முழு நாளின் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். யாரும் தொடாதிருக்க அதன்மேல் 'பேய் மருந்து' என்று எழுதி ஒட்டினேன். அப்பா இரண்டு நாள் குளியலறைப் பக்கமே போகவில்லை.

முடிவு வந்தது. புரதம் இம்மியும் குறையவில்லை. டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாருக்கும் தெரியாம உப்பு சேக்கறீங்களாம்மா?"

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

"சிறுநீருக்கும் தெரியாது. தின்ன உப்பு அதுல வந்தே தீரும். வந்திருக்கு, நிறைய. இன்னும் ஆறு வாரம்தான்."

வீட்டில் எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. "நீதானேடா எதையாவது கலந்தே?" என்றார் அப்பா. செய்த குற்றத்துக்கெல்லாம் தப்பித்தவன், செய்யாததற்கு மாட்டிக்கொண்டேன். அத்தை மட்டும், "அவன் இதுல விளையாட மாட்டாண்ணா" என்றாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் விடிந்ததும் அவள் பின்னாலேயே சலவைக்கூடத்துக்குப் போனேன். வாசலில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். வேர்வையில் மயங்கி விழாமலிருக்க, முதலில் வருகிறவர் அதில் இரண்டு கைப்பிடி உப்பு போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். முதலில் வருகிறவள் எப்போதும் அத்தைதான். போட்டாள், கலக்கினாள், ஒரு சொம்பு மொண்டு மடக்மடக்கென்று குடித்தாள்.

"அத்தை, என்ன குடிக்கறே?"

"தண்ணிடா."

"அதுல என்ன போட்டே?"

"உப்..." சொம்பு பாதியில் நின்றது. "ஆனா இது தண்ணிதானேடா? சாப்பாட்டுக்குத்தானே சொன்னாரு?"

சிரிக்க வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

மீதித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். இந்தச் சூட்டில் வெறும் தண்ணீர் போதுமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள். போதும், ஆனால் தலை சுற்றினால் வேலையை விட்டு உட்கார வேண்டும் என்றார் அவர். நேரே மேஸ்திரியிடம் போனாள். இனி ஒரு மணி நேரம் உருளை, ஒரு மணி நேரம் ஜன்னலோர மடிப்பு மேசை என்றாள். அவன் கத்தினான். இவள் நகரவில்லை.

"இவ்வளவு திட்டறான், ரோஷமே வரலையே! உப்புப் போட்டுத்தான் சாப்பிடறியா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அதை விட்டுத்தான் ரெண்டு மாசம் ஆகப்போவுதேடி."

அடுத்த ஆறு வாரம் வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டில் தண்ணீர்தான். மறுபடி கேன், மறுபடி டாக்டர்.

"ஒரு நாளைக்கு மூணரை கிராம் புரதம் போயிட்டிருந்தது. இப்ப ஒண்ணே முக்கால்."

"ஊசி?"

"இப்ப வேணாம். விட்டதை மறுபடி தொடாம இருந்தா."

அத்தை வெளியே வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நன்றியாம். இரண்டு நாள் வலித்தது.

மறுநாளும் அவள்தான் முதலில் போனாள். மற்றவர்களுக்காகக் கேனில் இரண்டு கைப்பிடி போட்டுக் கலக்கினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, தன் பாட்டிலைத் திறந்தாள்.