முந்தானையில் விழுந்த மாம்பழம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதம். காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். அதைப் பிடித்துச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தையில்லாத நான், கிளிஞ்சல்மேட்டிலிருந்து மாமியாரோடு பஸ் ஏறி வந்து, முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றேன்.

அன்று காலையிலிருந்தே அடிவயிற்றில் வலி. மாதவிலக்குக்கு முன்பே ஆரம்பித்துவிடும். வயதுக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். வெந்தயம், மோர், கடையில் வாங்கும் மாத்திரை. "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்" என்று சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்திருந்தார்கள்.

மேலிருந்து வந்த பழம் ஒன்று நேராக என் முந்தானையில் விழுந்தது. அதே நேரம் இடுப்பைப் பிளப்பதுபோல் வலி. முந்தானையை விட்டுவிட்டுச் சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். பழம் உருண்டோட, யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

"மடியில விழுந்ததக்கூட காப்பாத்தத் தெரியலியே இவளுக்கு!" என்றார் மாமியார். சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்காக அல்ல, பழத்துக்காக! வியர்த்து விறுவிறுத்துத் தெருவில் கிடந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

மறுநாள் மீன்பிடித்துவிட்டுக் கடலிலிருந்து திரும்பிய என் கணவர், நான் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு என்னையும் மாமியாரையும் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாம் "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்றுதான் தொடங்குவார்கள். இந்த டாக்டரம்மா, "வலி எப்பலேருந்து இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்கேனுக்குப் பிறகு, எண்டோமெட்ரியோசிஸ் என்றார். கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியே வளர்ந்து, கருமுட்டைப் பையில் கட்டியாகி, கருக்குழாயையும் ஒட்ட வைத்திருக்கலாமாம்.

"லேப்ராஸ்கோப்பின்னு, வயித்துல சின்னத் துளை போட்டு ஆபரேஷன் பண்ணா வலி குறையும், குழந்தைக்கு வாய்ப்பும் கூடும். ஆனா நிச்சயம்னு சொல்லமாட்டேன். கட்டிய எடுக்கும்போது முட்டைகள் குறையவும் கூடும். யோசிச்சு சொல்லுங்க."

"புள்ள நிச்சயமில்லன்னா எதுக்கு வவுத்தக் கிழிக்கணும்?" என்று முந்திக்கொண்டார் மாமியார்.

"வலிக்குது அத்தை. அது போதாதா?" என்று கத்திவிட்டேன். அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கணவர் என் பக்கம் நின்றார்.

ஆபரேஷன் முடிந்தது. ஒட்டியிருந்ததைப் பிரித்து, கட்டியை எடுத்தார்கள். அடுத்த ஆனியில் மறுபடி முந்தானை ஏந்தினேன். பழமும் விழுந்தது. நிமிர்ந்து நின்றபடியே கடித்துச் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு. குழந்தைக்கான சிகிச்சை தொடர்கிறது. வருமா வராதா, தெரியாது.

இன்றும் யாராவது "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "வலிக்குதா?" என்று கேட்க மட்டும் இத்தனை வருடமாக இவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லையே!