ஒற்றைச் செருப்போடு வீடு வந்தேன்

ஆம்பூர் தோல் கம்பெனியில் பச்சைத் தோலை ரகம் பிரிப்பது என் வேலை. அந்த வாடை மூக்கிலேயே தங்கிவிட்டதால் பல வருடங்களாகக் கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. பாலும் குமட்டும், டீகூடப் பால் ஊற்றாமல்தான்.

பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. "எல்லாம் கெமிக்கல்தாண்ணா" என்று கூட வேலை செய்பவர்கள் முடித்துவிட்டார்கள். நானும் நம்பி, சூப்பர்வைசரிடம் கெஞ்சி பேக்கிங் பிரிவுக்கு மாறினேன். மரப்பு ஜாஸ்திதான் ஆனது.

ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி பதறினாள். "இன்னாங்க, ஒத்தச் செருப்போட வர்றீங்க?" இன்னொன்று எங்கே கழன்றது என்றே எனக்குத் தெரியவில்லை!

மறுநாளே வேலூருக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், நான் என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். "பி12 வைட்டமின் ரொம்பக் கம்மி. நரம்புக்கு அது வேணும். கறி, முட்டை, பால் எல்லாத்தையும் விட்டுட்டா எங்கேர்ந்து வரும்? இன்னும் தள்ளிப்போட்டிருந்தா உணர்ச்சி திரும்பியே இருக்காது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் கெமிக்கல் என்றே சொன்னார்களே, ஒருவராவது என் சாப்பாட்டைக் கேட்டார்களா?

ஊசி போட்டுக்கொண்டேன். இப்போது யாராவது "கெமிக்கல்" என்று ஆரம்பித்தால், "முதல்ல இன்னா சாப்பிடறன்னு சொல்லு. அப்புறம் டாக்டர்கிட்ட போ" என்று மறித்துவிடுகிறேன். நானும் தினமும் முட்டை சாப்பிடுகிறேன். இன்னும் பிடிக்கவில்லை; மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குகிறேன்.

போன வாரம் வாசலில் ஒரு கல் காலில் குத்தியது. வலி தாங்காமல் கத்தினேன். உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி, வலிக்கிறது என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள்.