பிறக்கும் முன்னே பின்னிய தொப்பி

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தான். ஒன்பது நாள்தான் இருந்தான். மூன்று வருடத்துக்கு முன், கிறிஸ்மஸ் வாரம் அது. எங்கள் ஊர் பெம்பானில் வீடு வீடாகப் பாடி வந்த சபையார் எங்கள் வாசலில் மட்டும் பாடாமல், ஜெபித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதுவும் கோபத்தைத்தான் கொடுத்தது.

வயிற்றுப் பிள்ளைக்கு முன்கூட்டியே துணிமணி சேர்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் கேட்கவில்லை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஆறாம் மாதமே மஞ்சள் நூலில் ஒரு தொப்பி பின்னி வைத்தேன். மாமியார் ஞாயிறு தவறாமல் சபைக்கு வருகிறவர். சாங்கியத்திலும் எதையும் விடமாட்டார். அடக்கம் முடிந்து வந்ததும் சொன்னார்: "பொறக்கறதுக்கு முன்னாடி பின்னாதன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். கேட்டியா?"

அந்தப் பழியை அவர் ஒரு தடவைதான் சொன்னார். நான் எனக்கே ஓயாமல் சொல்லிக்கொண்டேன். யார் பிள்ளையையும் தொடமாட்டேன். மகனுக்காக அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று இருந்தேன். ஜெபத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஆண்டவரே, நான்தான் கொன்றேனா? சொல்லும்." ஒரு வருடம் ஆகியும் பதிலே இல்லை.

அப்போதுதான் எங்கள் சபையில் உள்ள சாந்தி அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ்.

"கொறமாசப் புள்ளைங்களுக்குத் தொப்பி பத்தல தங்கச்சி. தலை வழியாவே சூடு போயிடுது. பின்னிக் குடுலா."

"என் கை ராசியில்லாத கை அக்கா."

"ராசிய யாரு கேட்டா? தொப்பிதானே கேட்டேன்."

வேண்டாவெறுப்பாகத்தான் ஊசியை எடுத்தேன். ஆரஞ்சுப் பழத்தில் அளவு பார்த்துப் பன்னிரண்டு பின்னினேன். இதைப் போடும் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒவ்வொன்றிலும் பயம்.

ஒரு மாதம் கழித்து அக்கா ஒரு பெண்ணை அழைத்து வந்தார். சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்துப் பெண். என்னைப் பார்க்கவேண்டும் என்று அவளே கேட்டாளாம். அவள் முகத்தைப் பார்த்ததுமே, என் தொப்பியால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"சாங்கியம் பாத்து நாங்க ஒரு துணிகூட வாங்கலக்கா. அப்பவும் வயித்துலயே போயிடுச்சி. போட்டு அனுப்ப ஒன்னுமே இல்ல. நர்ஸம்மா ஒங்க தொப்பியதான் எடுத்துப் போட்டாங்க. வெறுந்தலையோட போவல என் புள்ள."

அவள் வழக்கத்தைக் காத்தாள். நான் மீறினேன். இருவர் பிள்ளையும் இல்லை. அப்படியென்றால் என் தொப்பி யாரையும் கொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன். அன்றுதான் முதல்முறை தாயாக அழுதேன். அந்தப் பதிலை ஆண்டவர் ஏன் இன்னொருத்தியின் துக்கத்துக்குள் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அதை இன்னும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது மாதாமாதம் வார்டுக்குத் தொப்பி போகிறது. மாமியார்தான் நூலை உருண்டையாகச் சுற்றி வைக்கிறார்.

என்னைப்போல் பழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய் யாராவது இருந்தால், அம்மா, ஆண்டவரிடம் நேராகக் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள், தள்ளமாட்டார். எனக்கு என் மகன் திரும்பக் கிடைக்கவில்லை. அவன் ஞாபகம் வந்தால் அழுகிறேன், பயமில்லாமல் அழுகிறேன். அந்த அழுகைக்கே அவருக்கு ஸ்தோத்திரம்.