கை காட்டித் தவறிய லைசன்ஸ்

எனக்காகச் செபிப்பதாகச் சொன்னவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் வாகனத்தை நிறுத்தவில்லை. இதை விட்டுவிட்டுத் தொடங்கினால் நான் சொல்லப்போவது பொய்ச்சாட்சி ஆகிவிடும். ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என் வீடு யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவில், வேலணைக்கும் பட்டணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்துக்கும் இடையில், பெருவீதியோரம் இருக்கிறது. ஊர் வாசிகசாலையில் வேலை. பதினைந்து வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை பெய்த நாள், கடல் கொந்தளித்த நாள், இறந்தவர், பிறந்தவர் எல்லாம் அதில் உண்டு. கீழே வரும் நாட்கள் அதைப் பார்த்து எழுதியவை.

சென்ற ஆண்டு தை மாத நடுவில் என் கணவர் ஜேசுதாசனின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று சொன்னார்கள். இருபத்தெட்டு வருடம் கடலில் நின்ற மனிதர். இனிச் செவ்வாயும் சனியும் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் ஆபத்து என்றார் வைத்தியர்.

எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர் அன்ரன். பாடகர் குழுவில் முன்வரிசை. தினமும் காலையில் தன் வான் வண்டியை ஆளில்லாமல் பட்டணம் ஓட்டிப் போவார். முதல் இரண்டு வாரமும் அவரே ஏற்றினார். மூன்றாம் வாரம் திரும்பி வரும்போது என் கணவர் வான் சீற்றில் வாந்தி எடுத்துவிட்டார். நான் என் சேலைத் தலைப்பாலேயே துடைத்தேன். அடுத்த செவ்வாய் விடிய, அன்ரன் எங்கள் வாசல் படலைக்கு வெளியே நின்றபடி சொன்னார்:

“வானுக்கு இனி வேற வேலை இருக்கக்கா. ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ, நாங்கள் குடும்பமாச் செபிக்கிறம்.”

அன்றிலிருந்து பஸ். போகும்போது சமாளிக்கலாம். திரும்பும்போது அவரால் நிற்க ஏலாது. இடம் கிடைக்காத நாட்களில் மிதிபலகைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தே வந்தார்.

தீவில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே தெரிந்த முகம் வந்தால், வாகனம் ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை உயர்த்திவிட்டுப் போவார். நலமா, போய் வாறன், எல்லாம் அந்தக் கைதான். சாம்பல் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை பஸ் பழுது. நாங்கள் தரிப்பிடத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். எங்களைத் தெரிந்த ஒன்பது வாகனங்கள் போயின. ஒன்பது கைகள் உயர்ந்தன. அன்ரனின் கையும் அதில் ஒன்று. நானும் ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்தினேன். பழக்கம்.

அன்றைய சுத்திகரிப்புத் தவறியது. ஞாயிறு விடியும்போது அவர் முகம் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியது. திங்கட்கிழமை அம்புலன்சில் கொண்டுபோய்த் தப்பவைத்தோம். அன்று ஆஸ்பத்திரி வாட்டின் வாசலில் நின்று நான் செய்த செபம் நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது. “ஆண்டவரே, இனி ஒருவரும் எனக்காகச் செபிக்க வேண்டாம். ஒரு ஆள் நிற்பாட்டினால் போதும்.”

கனடாவில் இருக்கும் என் மைத்துனர் வாங்கிவிட்ட சின்ன வெள்ளைக் கார் ஒன்று எங்கள் கொட்டிலில் ஓட்ட ஆளில்லாமல் படங்கு மூடிக் கிடந்தது. நான் எப்போதோ எழுத்துப் பரீட்சை சித்தியடைந்து, பழகுநர் அனுமதியும் எடுத்து வைத்திருந்தேன். சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் இரண்டு வகை வகுப்பு இருந்தது: கிழமைக்கு ஒன்றாக மூன்று மாதம், அல்லது தினமும் மூன்று மணி நேரமாகப் பத்து நாள். நான் பத்து நாளைக் கேட்டேன்.

பயிற்சியாளர் கணேசலிங்கம் மாஸ்ரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் மூன்று குறி திருநீறு. காரின் முன்பக்கத்தில் நயினாதீவு அம்மாளின் படம்.

“எந்த இடம் அக்கா?”

சொன்னேன்.

“நானும் வேலணைதான். சொன்னாக் கோவிக்கப்படாது. எங்கடை தீவாக்களுக்குப் பத்து நாள் காணாது. நேர் றோட்டும் ஹோனும்தான் தெரியும். சிக்னல் லைற்றைக் கண்டாத் திருவிழா எண்டு நினைப்பினம்.”

“எனக்குப் பத்து நாள்தான் இருக்கு மாஸ்ரர்.”

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் இரண்டாவது செபத்தைச் செய்தேன். “உயிர்த்த ஞாயிறுக்கு முன் லைசன்ஸ் தாரும். இந்தச் சனத்தின் முகத்தை நான் இனிப் பார்க்கத் தேவையில்லாமல் செய்யும்.” அது செபமா, சாபமா என்று இப்போது யோசிக்கிறேன்.

மறுநாள் வகுப்புத் தொடங்கியது. பத்து நாளும் கழுத்து நோவு. காரைப் பின்னுக்கு எடுப்பது எனக்கு ஏறவே இல்லை. “அக்கா, மதில் விலகாது. நீங்கள்தான் விலக வேணும்” என்பார் மாஸ்ரர். செவ்வாய், சனியில் கணவரை வாட்டில் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினேன். ஏன் அவசரம் என்று மாஸ்ரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் செபிக்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளி, லைசன்ஸுக்கான ஓட்டப் பரீட்சை, ட்ரயல். பக்கத்தில் பரீட்சகர். சந்தி, சிக்னல், நிறுத்தி எடுப்பது எல்லாம் பிழையில்லாமல் செய்தேன். திரும்பி வரும்போது எதிரே ஒரு வான். அன்ரன். அவர் கையை உயர்த்தினார். என் இடது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது. அதே நேரம் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. பரீட்சகர்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார்.

“இறங்குங்கோ” என்றார்.

என்னைக் கைவிட்ட மனிதனுக்கு மரியாதை செய்யப்போய் நான் தவறினேன். அந்தக் கசப்பை என்னால் விழுங்க முடியவில்லை. கடவுள் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

பாடசாலை வாசலில் மாஸ்ரர் கேட்டார்: “என்னத்துக்கு அக்கா கையைத் தூக்கினனீங்கள்?”

“பழக்கம்.”

“சரி, போகட்டும். என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?”

அத்தனை மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன். வாந்தி, ஒன்பது கைகள், தரையில் இருந்து வந்தது, எல்லாம். அவர் ஆறுதலும் சொல்லவில்லை. செபிக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

“நாளைக்கு எத்தினை மணிக்கு அங்கை நிக்க வேணும்?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு எங்கள் படலையில் மாஸ்ரரின் கார் நின்றது. பின்சீற்றில் துடைக்க ஒரு பழைய துவாயும் வெறும் வாளி ஒன்றும் இருந்தன. என் கணவர் வாளியை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறி இருந்தார். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “இந்த மனுசன் வாந்தி எடுக்கிறதுக்கும் சேர்த்து இடம் விட்டிருக்கிறார்.”

என் கணவர் சுத்திகரிப்பு மெசினில் கிடந்த நான்கு மணி நேரமும் எனக்கு வகுப்பு. அடுத்த ட்ரயல் வரை பத்துத் தடவை மாஸ்ரர் எங்களை ஏற்றி இறக்கினார். பத்து நாளில் ஏறாதது அப்போதுதான் ஏறியது. உயிர்த்த ஞாயிறுக்குப் பின் நான்காம் வெள்ளி சித்தியடைந்தேன். இடையில் ஒரு சுத்திகரிப்புக்கூடத் தவறவில்லை. அன்றிரவு நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். நான் குறித்த நாளுக்குள் லைசன்ஸ் கேட்ட செபம் மறுக்கப்பட்டிருந்தது. வாட்டு வாசலில் செய்த செபத்துக்கு எழுத்துப் பிசகாமல் பதில் கிடைத்திருந்தது. ஒரு ஆள் நிற்பாட்டியிருந்தார். நான் எதிர்பார்த்திருந்த கோயிலிலிருந்து அவர் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய், நல்ல வெயில். தரிப்பிடத்தில் அன்ரன் காலில் கட்டுடன் நின்றார். வான் பழுதாகிக் கராச்சில் நிற்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். என் காரில் இடம் இருந்தது. நான் கையை உயர்த்திவிட்டுப் போனேன். நெஞ்சுக்குள் இனித்தது.

பின்சீற்றிலிருந்து என் கணவர் சொன்னார்: “நீரும் கை காட்டப் பழகிற்றீர்.”

வண்டியை நிறுத்தினேன். கழுத்தைத் திருப்பினேன். பத்து நாளில் எனக்கு ஏறாத அந்தப் பாடத்தை, தரிப்பிடத்து மதகு வரைக்கும் நேராக, பின்னுக்கு எடுத்தேன். அன்ரன் ஏறினார். பாலம் தாண்டியது. பிறகு அவர் என் காரிலும் வைத்திருந்த வாளியைப் பார்த்துவிட்டு, “காலை எங்கை அக்கா வைக்கிறது?” என்று கேட்டார். “அதைத் தள்ளிப்போட்டு வையுங்கோ” என்றேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஏலாது. ஏற்றினேன் என்று எழுதலாம். நாட்குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.

இதை வாசிக்கும் சகோதரரே, உங்கள் இருளிலும் கேளுங்கள். பதில் வரும் என்பதற்கு நான் சாட்சி. அது திருநீறு பூசிக்கொண்டு வந்தாலும் படலையைத் திறவுங்கள். நாளை நீங்கள் யாருக்காகவாவது செபிக்கப் போனால், முதலில் அவர் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கேளுங்கள். என் காரில் செவ்வாயும் சனியும் ஒரு இடம் இருக்கிறது. காலை ஆறரைக்குப் புறப்படுவேன்.