தோற்றவர் கொடுக்கும் தண்ணீர்

காளியண்ணன் பரம்பரையாக ஊர்க்கவுண்டர் ஆனவரில்லை. மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்த்தொகுதியில் அவர் ஊரின் பழைய கவுண்டர் வாரிசில்லாமல் இறந்துபோக, ஊர் கூடி ஆள் தேடியது. "கோவமே வராத மனுசன், நம்ம காளியண்ணனையே உக்கார வெச்சுரலாங்க" என்று முதலில் பேர் சொன்னவர் அர்த்தனாரி. முரண்டு பிடித்தவர்களை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவரும் அவர்தான்.

அதிலிருந்து ஆடு மேய்ந்த சண்டை முதல் பாகப்பிரிவினை வரை காளியண்ணன் சொன்னதுதான் முடிவு. கண்ணாடி முன் நின்று துண்டைச் சரிசெய்துகொண்டுதான் சபைக்குக் கிளம்புவார்.

இந்தத் தை மாதம் அர்த்தனாரியே வழக்கோடு வந்து நின்றார். எதிரில் பாவாயி. வரப்போரத்து சில்வர் ஓக் மரங்கள் அர்த்தனாரியுடையவை. அவர் சம்மதத்தோடு அவற்றில் மிளகுக்கொடி ஏற்றி வளர்த்தவள் பாவாயி. இப்போது கொத்துக்கொத்தாகக் காய்த்ததும், "மரம் என்னுதுங்க, அப்ப மொளகும் என்னுதுதானே?" என்றார் அர்த்தனாரி.

காளியண்ணனுக்கு எல்லாம் தெரியும். அவள் கொடி கட்டிய நாளில் நார் கிழித்துக் கொடுத்ததே அவர்தான்.

"வேண்டியவங்க வழக்குன்னா பக்கத்தூர்க் கவுண்டரைக் கூப்புடறதுதானுங்களே வழக்கம்?" என்றாள் பாவாயி.

"ஏன் பாவாயி, நம்ம கவுண்டரு உனக்கு ஆகாதவரா?" அர்த்தனாரி சிரித்தார். சபையும் சிரித்தது.

காளியண்ணன் அப்போதே எழுந்திருக்கலாம். எழுந்தால், அர்த்தனாரி தயவில் உட்கார்ந்தவன் என்று தானே ஒத்துக்கொண்டது போலாகிவிடுமே.

"நானே சொல்றேன்" என்றார். மிளகு அர்த்தனாரிக்கு என்று சொல்லியும் விட்டார்.

தோற்றவர் கையால் தண்ணீர் வாங்கிக் கவுண்டர் குடித்தால்தான் அந்த ஊரில் வழக்கு முடியும். பாவாயி இரண்டு கையாலும் செம்பை நீட்டினாள்.

"குடிங்கண்ணா. அன்னைக்கு நார் கிழிச்சு ஓஞ்சப்பவும் எங்கிட்டத்தான் தண்ணி வாங்கிக் குடிச்சீங்க."

குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ செருமினார்கள். காளியண்ணனுக்குக் காதுமடல் எரிந்தது. செம்பை உதடு வரை கொண்டுபோனவர், அப்படியே தரையில் வைத்தார்.

"குடிங்க சாமி, பொழுதாகுது" என்றார் அர்த்தனாரி.

"எறங்க மாட்டேங்குதுங்க. வழக்கு முடியல. பக்கத்தூர்க் கவுண்டருக்குப் போன் போடுங்க."

"அப்பறம் உங்களை எதுக்கு உக்கார வெச்சோம்?"

சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. செம்பை எடுக்கப் பாவாயி குனிந்தாள். அவள் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்ப்பதற்குள், காளியண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார்.