அரைக் கேன் அடிபம்புத் தண்ணீர்

தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்க என் தங்கை மகள் ஒரு வினையூக்கி செய்திருக்கிறாள். தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தாற்போன்ற நிக்கல் இழைகள். சூரியன் அணைந்தாலும் அது அணையாது என்று இந்த முகநூல் பக்கத்தில் திருவொற்றியூர் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தேன்.

சுத்த நீரில் ஜெயித்ததை இன்று எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரில் சோதித்தாள். சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து மீதித் தண்ணீர்க் கேனோடு திரும்பினாள்.

"அரை மணி நேரத்துல கறுத்துச் செத்துடுச்சு மாமா."

காலையில் தண்ணீர் அடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள்.

"கம்பியே செத்துப்பூட்ச்சா? நாங்க டெய்லி அத்தத்தான குடிச்சிகினு கீறோம்."

மூவுலகும் ஆண்ட நான் கேனின் மூடியை இறுக்கினேன்.

"சரி, மீதிய குடு பாப்பா. தண்ணி லாரி வர்ல, பம்புல இப்போ காத்துதான் வருது. புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சணும்."

லாரி எந்தத் தெருவில் நிற்கிறதென்று தெரிந்தவர்கள் உடனே பின்னூட்டமிடுங்கள். வினையூக்கிக்கு இரங்கல் பிறகு எழுதலாம்.